இருட்டறையில் ஒளிரும் டாட்டூ: யுவி மை தோலுக்குள் என்ன செய்கிறது?

பகலில் வெறும் தோலாகத் தெரிந்த கை, ஊதா விளக்கின் கீழ் வந்ததும் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்கிறது. யுவி டாட்டூ எனப்படும் இந்தப் பச்சைகுத்தலின் காணொளி எங்கே வந்தாலும் கீழே இரண்டு கட்சிகள் மோதிக்கொள்கின்றன. "அது கதிரியக்கப் பொருள், புற்றுநோய் வரும்" என்கிறது ஒரு கட்சி. "அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த மைதான், ஒன்றும் ஆகாது" என்கிறது இன்னொன்று. இரண்டுமே தவறு. இந்த மையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை இரண்டும் தொடவே இல்லை.

அந்தக் கேள்விக்கு வர, விளக்கிலிருந்து தொடங்கலாம்.

பிளாக்லைட் என்பது என்ன

மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதைவிடக் குறைந்த அலைநீளம் கொண்டது புற ஊதா, சுருக்கமாக யுவி. அதில் 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான பகுதிக்கு யுவிஏ என்று பெயர். பிளாக்லைட் என்பது பெரும்பாலும் யுவிஏவை மட்டும் வெளியிடும் விளக்கு. குழல் விளக்குகளில் 365 நானோமீட்டரை ஒட்டிய ஒளி வரும். மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் 395 நானோமீட்டர் அளவில் இருப்பதால் அவற்றில் ஊதா நிறம் கூடவே தெரியும்.

இந்த விளக்கு கேளிக்கைக்காகப் பிறந்தது அல்ல. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் விடும் கண்ணாடி ஒன்றை உருவாக்கினார். 1925 முதல் தோல் மருத்துவர்கள் அதைக் கொண்டு தலைமுடிப் பூஞ்சைத் தொற்றைக் கண்டுபிடித்துவருகிறார்கள். வுட் விளக்கு என்ற பெயரில் இன்றும் அது அவர்கள் கையில் இருக்கிறது. இந்த விளக்கு பின்னால் மறுபடியும் வரும்.

மூன்று வகை ஒளிர்வு, ஒரே பெயர்க் குழப்பம்

"இருட்டில் ஒளிரும் டாட்டூ" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன.

1. உடனொளிர்தல். ஒரு மூலக்கூறு புற ஊதா ஒளியை விழுங்குகிறது. அந்த ஆற்றலில் கொஞ்சம் வெப்பமாகப் போய்விட, மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. இதெல்லாம் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்குள் நடந்து முடியும். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-இல் இதை விளக்கிப் பெயரும் வைத்தார். விளக்கை அணைத்தால் ஒளிர்வும் அந்தக் கணமே நின்றுவிடும். சலவைத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை பளிச்சிடுவதும், ரூபாய் நோட்டின் இழைகள் ஒளிர்வதும் இந்த வகைதான். யுவி டாட்டூவும் இதே வகை.

2. நின்றொளிர்தல். விழுங்கிய ஆற்றலை மெல்ல மெல்ல விடுவது. விளக்கை அணைத்த பிறகும் நிமிடக்கணக்கில், சில பொருள்களில் மணிக்கணக்கில் ஒளி வந்துகொண்டே இருக்கும். துத்தநாக சல்ஃபைடு, ஸ்ட்ரான்சியம் அலுமினேட் போன்றவை இப்படி ஒளிர்பவை. அவசர வழிப் பலகைகளில் இவற்றைப் பார்க்கலாம். இவை தோலுக்குள் செலுத்த வேண்டிய பொருள்கள் அல்ல. "விளக்கே இல்லாமல் இரவு முழுவதும் ஒளிரும் டாட்டூ" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

3. கதிரியக்கத்தால் ஒளிர்தல். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடிகார முகப்புகளுக்கு ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்த வண்ணம் பூசினார்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் பலர் எலும்பு அழுகியும் புற்றுநோய் வந்தும் இறந்தார்கள். ஒளிரும் வண்ணம் என்றாலே எழும் அச்சத்துக்கு இந்தக் கொடுமையும் ஒரு காரணம். ஆனால் யுவி மைக்கு ஆற்றல் வெளியே இருக்கும் விளக்கிலிருந்துதான் வருகிறது. உடனொளிர்தலுக்குக் கதிரியக்கம் தேவையே இல்லை.

ஆக, கதிரியக்கக் கட்சியின் வாதம் இங்கே முடிந்தது. அதனால் இந்த மை பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

மைக்குள் இருப்பது

எந்த டாட்டூ மையாக இருந்தாலும் அதில் நிறமி, அதைச் சுமக்கும் திரவம், நிறமி அடியில் படியாமல் பார்த்துக்கொள்ளும் சேர்பொருள்கள், பல நேரம் ஒரு பதப்படுத்தி ஆகியவை இருக்கும். திரவம் பெரும்பாலும் நீர், கிளிசரின், ஆல்கஹால். வழக்கமான கறுப்பு மையின் நிறமி கரித்தூள். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. இவை நீரில் கரையாத துகள்கள் என்பதால்தான் தோலில் தங்குகின்றன.

யுவி மையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நன்றாக ஒளிரும் பொருள்கள் பெரும்பாலும் கரிமச் சாயங்கள். சாயம் கரையும் தன்மை கொண்டது. அப்படியே குத்தினால் உடல் திரவங்களில் கரைந்து போய்விடும். அதனால் சாயத்தை ஒரு பிளாஸ்டிக் பிசினுக்குள் அடைத்து நுண்துகள்களாக்குகிறார்கள். சில மைகளில் அந்தப் பிளாஸ்டிக் பிஎம்எம்ஏ எனப்படும் அக்ரிலிக். நியான் நிறமிகள் பலவற்றில் அது மெலமின், ஃபார்மால்டிஹைடு போன்றவற்றிலிருந்து செய்த பிசின். சுவர் வண்ணத்துக்கும் அச்சுக்கும் துணிக்கும் பயன்படும் நியான் நிறமிகளின் தொழில்நுட்பமும் இதுவே.

பிஎம்எம்ஏ என்றதும் விற்பனையாளர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு. "அது மருத்துவப் பொருள், கண்ணுக்குள்ளேயே வைக்கிறார்கள்" என்பார்கள். உண்மைதான். ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் 1949-இல் முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்த செயற்கை லென்ஸ் பிஎம்எம்ஏவால் ஆனது. எலும்பு அறுவைச் சிகிச்சையில் சிமென்ட் போலவும் அது பயன்படுகிறது. ஆனால் வழுவழுப்பான, சாயம் இல்லாத, தூய்மை சோதிக்கப்பட்ட ஒரே துண்டு லென்ஸ் வேறு. சாயம் ஏற்றிய கோடிக்கணக்கான துகள்கள் வேறு.

இதற்கு நெருக்கமான ஒப்பீடு முகச் சுருக்கத்தை நிரப்பச் செலுத்தும் பிஎம்எம்ஏ நுண்கோளங்கள். அவற்றை 30 முதல் 50 மைக்ரான் வரை பெரிதாகவே செய்கிறார்கள். உடலுக்குள் வரும் அந்நியப் பொருள்களை விழுங்கும் உயிரணுக்களான விழுங்கணுக்கள் அவற்றை விழுங்க முடியாமல் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். அப்படியிருந்தும் சிலருக்குக் கட்டிகள் வருவது அறியப்பட்ட பக்கவிளைவு. டாட்டூ நிறமித் துகள்களோ அதைவிட மிகச் சிறியவை. அவற்றை விழுங்கணுக்கள் விழுங்கத்தான் செய்கின்றன.

தோலுக்குள் மை எங்கே போகிறது

ஊசி நிறமியை மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் கொண்டுபோய் வைக்கிறது. ஆழம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். அடித்தோல் அப்படி உதிராது.

அங்கே போன துகள்களை அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாததால் வயிற்றில் வைத்துக்கொண்டே வாழ்கின்றன. அந்த அணு இறந்தால் நிறமி வெளியே விழும், அடுத்த அணு எடுத்துக்கொள்ளும். 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் இந்தக் கைமாறலைக் காட்டினார்கள். டாட்டூ நிலைத்திருப்பது என்பது இந்த ஓயாத வேலைதான். அதாவது நிறமி ஒரு மூலையில் சும்மா கிடப்பதில்லை, வாழ்நாள் முழுவதும் உயிருள்ள அணுக்களுக்குள்ளேயே இருக்கிறது.

எல்லாத் துகளும் அங்கேயே தங்குவதும் இல்லை. 2017-இல் ஜெர்மனி, பிரான்ஸ் ஆய்வாளர்கள் டாட்டூ குத்திய மனித உடல்களின் திசுக்களை ஆராய்ந்து, நிறமியின் நானோ துகள்கள் நிணநீர்க் கணுக்கள் வரை போயிருப்பதைக் கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது வழக்கமான மைகளை. யுவி மையின் துகள்களுக்கு மட்டும் இந்தப் பாதை மூடியிருக்கும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

ஒளிர்வதே ஐயத்துக்கும் காரணம்

இனி தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வரலாம்: ஒளியை விழுங்கும் இந்த மை, வெயிலில் தோலுக்குள் என்ன ஆகிறது? யுவி மை ஒளிர வேண்டுமென்றால் அதிலுள்ள மூலக்கூறு புற ஊதாவை வலுவாக விழுங்க வேண்டும். யுவிஏ ஒளி மேல்தோலைத் தாண்டி அடித்தோல் வரை போகக்கூடியது. போகாவிட்டால் டாட்டூ ஒளிராது. அதே யுவிஏ வெயிலில் தினமும் இருக்கிறது. விளக்கின் கீழ் எப்போதாவது சில மணி நேரம் நடக்கும் வினை, வெயிலில் ஒவ்வொரு பகலும் நடந்துகொண்டிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒளிர்வு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கறுப்பு மையும் ஒளியை விழுங்கும். ஆனால் கரி எளிதில் சிதையாதது. கரிமச் சாயம் அப்படி அல்ல.

அதிலிருந்து எழும் கேள்விகள் இவை:

1. சாயம் சிதைதல். ஒளியை விழுங்கும் சாய மூலக்கூறு ஒவ்வொரு முறையும் பத்திரமாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சில முறை உடைந்துபோகிறது. வெயிலில் காயும் சுவரொட்டியின் நியான் நிறம் சீக்கிரம் வெளுப்பது இதனால்தான். தோலில் வெளுக்கும்போது அந்த உடைந்த துண்டுகள் எங்கேயும் பறந்துவிடுவதில்லை, உடலுக்குள்ளேயே இருக்கின்றன. அவை என்ன, எவ்வளவு, என்ன செய்யும் என்பது சாயத்துக்குச் சாயம் மாறும். மையின் குப்பியில் சாயத்தின் பெயரே இல்லையென்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

2. ஒளிவழி எதிர்வினை. தூண்டப்பட்ட சாயம் சில நேரம் தன் ஆற்றலை ஒளியாக விடாமல் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடும். அப்போது உயிரணுக்களைத் தாக்கும் வீரியமான ஆக்சிஜன் உருவாகிறது. சில புற்றுநோய்ச் சிகிச்சைகளில் வேண்டுமென்றே செய்யப்படுவது இதுதான். எல்லா ஒளிரும் சாயங்களுக்கும் இந்தக் குணம் ஒரே அளவில் இருக்காது. ஆனால் ஒளியோடு வினைபுரியும் நிறமி தோலில் தொல்லை தரும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மஞ்சள் நிறத்துக்காக ஒரு காலத்தில் குத்தப்பட்ட காட்மியம் சல்ஃபைடு, வெயில் பட்டதும் வீங்கி அரிப்பெடுத்தது. அதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

3. உறையின் ஆயுள். பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் வரை சாயம் திசுவைத் தொடாது என்பதுதான் இந்த மையின் பாதுகாப்புக்குச் சொல்லப்படும் அடிப்படை. பிளாஸ்டிக்கும் புற ஊதாவில் மூப்படையும். ஐந்து வருடம் தாங்குமா, ஐம்பது வருடம் தாங்குமா என்பதைக் காட்ட மனிதத் தோலில் நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் வேண்டும். இந்த வகை மை பரவலான காலமே குறைவு.

4. ஒவ்வாமையும் கட்டிகளும். எந்த நிற மையிலும் இது நடக்கும், சிவப்பில் அதிகம். யுவி மைக்கும் மருத்துவ இதழ்களில் தனித்தனி நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பதிவுகள் குறைவு என்பதை வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. குத்திக்கொண்டவர்களும் குறைவு, பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் போவதும் இல்லை.

கிருமித் தொற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது எல்லா மைக்கும் பொதுவான ஆபத்து, யுவி மைக்கே உரியது அல்ல. ஆனால் சின்னது என்று நினைக்க வேண்டாம். 2011-12-இல் நியூயார்க் மாநிலத்தில் 19 பேருக்கு டாட்டூவில் தொடர்ந்து தடிப்பு வந்தது. நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் மை, கடைக்கு வருவதற்கு முன்பே பாக்டீரியாவால் கெட்டிருந்தது. கலைஞர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் திறக்காத குப்பிக்குள் இருக்கும் கிருமியை அவரால் தடுக்க முடியாது.

அப்படியானால் விளக்கு ஆபத்தா?

பலரும் பயப்படுவது விளக்கைப் பார்த்துத்தான். புற ஊதாக் கதிர் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பது உண்மை. ஆனால் சில மீட்டர் தள்ளி எரியும் சாதாரண பிளாக்லைட்டிலிருந்து தோலுக்கு வரும் யுவிஏ, நண்பகல் வெயிலில் வருவதைவிட மிகக் குறைவு. கவலைப்பட வேண்டியவர் கலைஞர். கண்ணுக்குத் தெரியாத மையைக் குத்தும்போது அவர் பக்கத்திலேயே யுவி விளக்கை எரியவிட்டு மணிக்கணக்கில் வேலை செய்கிறார். புற ஊதா தடுக்கும் கண்ணாடி அவருக்குத் தேவை.

எஃப்.டி.ஏ. அனுமதி என்ற பேச்சு

சில யுவி மைகள் மீன்களுக்கும் விலங்குகளுக்கும் அடையாளமிட அனுமதி பெற்றவை என்று விற்பனையாளர்கள் சொல்லிவந்தார்கள். அது வாய்மாறி வாய்மாறி "எஃப்.டி.ஏ. அனுமதித்த டாட்டூ மை" ஆகிவிட்டது. மீனுக்கு அடையாளமிடும்போது எழும் கேள்விகள் வேறு. மனிதத் தோலில், வெயிலில், பல பத்தாண்டுகள் இருந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை.

எஃப்.டி.ஏ. தானே சொல்லியிருப்பது தெளிவாக இருக்கிறது. அழகுக்காகத் தோலுக்குள் செலுத்த எந்த நிறமிக்கும் அது அனுமதி அளித்ததில்லை. யுவி டாட்டூவுக்கும் இருட்டில் ஒளிரும் டாட்டூவுக்கும் பயன்படும் நிறமிகளுக்கும் இது பொருந்தும் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. 2022 இறுதியில் அமெரிக்காவில் வந்த அழகுசாதனச் சட்டத் திருத்தம், கடுமையான பக்கவிளைவுகளைத் தயாரிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்றும், தேவைப்பட்டால் பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் எஃப்.டி.ஏ.வுக்கு உண்டு என்றும் ஆக்கியது. அதுவும் முன் அனுமதி அல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2022 ஜனவரி 4 முதல் 4,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை டாட்டூ மையில் தடுத்தோ அளவு கட்டுப்படுத்தியோ வைத்திருக்கிறது. அங்கே விற்கும் குப்பியில் அது டாட்டூவுக்கான கலவை என்ற குறிப்பும், தொகுதி எண்ணும், உட்பொருள் பட்டியலும் இருக்க வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு மையை மதிப்பிட இந்த மூன்றும் நல்ல அளவுகோல்.

"நச்சற்றது", "வீகன்" என்ற சொற்கள் அளவுகோல் ஆகாது. முகத்தில் பூசிக் கழுவும் வண்ணத்துக்கு நச்சற்றது என்று சொல்வதற்கும் ஊசியால் உள்ளே போவதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் மனிதர்கள் விரும்புகிறார்கள்

இவ்வளவுக்குப் பிறகும் இதன் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை உடலில் சுமப்பதும், வேண்டும்போது மட்டும் அதைக் காட்டுவதும் வீண் ஆசை அல்ல. வேலையிடத்தில் டாட்டூவை மறைக்க வேண்டியிருப்பவருக்கு அது ஒரு வழி.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மருத்துவப் பயன். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவர்களின் தோலில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தைக் குறிவைக்கக் கரும்புள்ளிகள் குத்துவார்கள். சிகிச்சை முடிந்தும் அவை போவதில்லை, தினமும் நோயை நினைவூட்டும். லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் 42 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், கரும்புள்ளிக்குப் பதில் புற ஊதாவில் மட்டும் தெரியும் புள்ளிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2014-இல் அறிவிக்கப்பட்டன. அடையாளம் துல்லியமாகவே இருந்தது, இந்தப் புள்ளிகளைப் பெற்ற பெண்கள் பலருக்குத் தங்கள் உடலைப் பற்றிய மனநிலையும் மேம்பட்டது. அங்கே குத்தப்படுவது கடுகளவுப் புள்ளி. கை முழுக்கக் குத்தும் வேலைப்பாட்டுக்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

சரி, விளம்பரப் படத்தில் காண்பது போலவே கிடைக்குமா என்றால், பலருக்குக் கிடைப்பதில்லை.

- நிறமற்ற யுவி மையும் பகலில் முழுக்க மறைவதில்லை. ஊசி பட்ட தழும்பு மெல்லிய மேடாகவோ வெளிறிய கோடாகவோ தெரியும், ஆறும் வாரங்களில் சிவந்திருக்கும். சிலருக்கு மஞ்சள் சாயலும் வரும்.
- தோலுக்கு நிறம் தரும் மெலனின் புற ஊதாவை விழுங்கும். கருமையான தோலில் மைக்குப் போய்ச் சேரும் ஒளியும் குறைவு, திரும்பி வரும் ஒளியும் குறைவு.
- சன்ஸ்கிரீன் பூசினால் விளக்கின் கீழ் டாட்டூ மங்கிவிடும். வெயிலிலிருந்து சாயத்தைக் காப்பாற்றுவதும் அதே சன்ஸ்கிரீன்தான். பகலில் தடவி, ஒளிர வேண்டிய இரவில் கழுவிவிடுவதுதான் வழி.
- கறுப்பு மைக்கு அடியில் போனால் ஒளிராது.

அழிக்க நினைத்தால்

லேசர் டாட்டூ நீக்கம், நிறமி லேசரின் ஒளியை விழுங்கித் தூளாவதை நம்பியிருக்கிறது. வழக்கமாகப் பயன்படும் லேசர்கள் 532 முதல் 1064 நானோமீட்டர் வரையிலான குறிப்பிட்ட அலைநீளங்களில் வேலை செய்பவை. நிறமற்ற யுவி மை நிறமற்றதாகத் தெரிவதே அந்தப் பகுதி ஒளியை அது விழுங்காததால்தான். ஆகவே லேசருக்கு அங்கே பிடிமானம் குறைவு. மையில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்திருந்தால், லேசர் பட்டு அது சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறும் ஆபத்தும் உண்டு. கண்ணுக்குத் தெரியாதது என்று குத்திக்கொண்டது, அழிக்கப்போய்க் கண்ணுக்குத் தெரிவதாக ஆகலாம்.

இதனால்தான் நிறமற்ற மையைவிட, பகலிலும் நிறம் தெரியும் யுவி மை பரவாயில்லை என்று நினைக்கிறேன். வெளுக்கிறதா, தடிக்கிறதா, பரவுகிறதா என்று தினமும் பார்க்கவாவது முடியும்.

குத்திக்கொள்ள முடிவு செய்தால்

1. உட்பொருள் பட்டியலும் தொகுதி எண்ணும் இல்லாத மையை ஏற்க வேண்டாம். கலைஞரிடம் குப்பியைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் ஒரு சிறு புள்ளி குத்தி, வெயில் படும் இடத்தில் சில மாதங்கள் பாருங்கள். அதில் ஒன்றும் ஆகாததால் பிறகும் ஆகாது என்று உறுதி சொல்ல முடியாது. டாட்டூ ஒவ்வாமை வருடங்கள் கழித்தும் வரும். ஆனால் சீக்கிரம் வரக்கூடிய தொல்லை புள்ளி அளவிலேயே பிடிபடும்.

3. மச்சத்தின் மேல் குத்த வேண்டாம். அதன் மாற்றத்தைக் கவனிக்க வேண்டிய இடம் அது.

4. லூபஸ் போன்ற, வெயிலால் தூண்டப்படும் நோய் இருந்தாலோ, ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ தோல் மருத்துவரைக் கேட்காமல் இந்த மைக்குப் போக வேண்டாம்.

5. மையின் பெயர், தொகுதி எண், குத்திய இடம், தேதி ஆகியவற்றை மருத்துவக் குறிப்புகளோடு வைத்திருங்கள். பூஞ்சைத் தொற்றையும் வெண்புள்ளியையும் சில பாக்டீரியாத் தொற்றுகளையும் மருத்துவர்கள் வுட் விளக்கின் கீழ் தெரியும் நிறத்தை வைத்துத்தான் பிரித்தறிகிறார்கள். பச்சை ஒளிர்வு பூஞ்சையைக் காட்டலாம், பவளச் சிவப்பு ஒரு பாக்டீரியாவைக் காட்டலாம். பகலில் தெரியாத டாட்டூ அதே நிறத்தில் அங்கே ஒளிர்ந்தால் அவர் குழம்பிவிடுவார். அவர் விளக்கை எடுக்கும்போதே, அந்த இடத்தில் யுவி டாட்டூ இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.